ஸ்லோ குக்கருக்குள் இருக்கும் கடிகாரம்: வடசென்னை வீட்டுக்கு ஏற்றதைத் தேர்வு செய்வது எப்படி

ஸ்லோ குக்கர் என்பது, குறைந்த மின்சாரத்தில், பல மணி நேரம், கொதிநிலையை ஒட்டிய சூட்டில் உணவை வேகவைக்கும் சாதனம். அதன் அமைப்பில் சிக்கல் ஏதுமில்லை. வெளியே ஓர் உலோக உறை, அந்த உறையின் உட்சுவரைச் சுற்றி ஓடும் ஹீட்டர் பட்டை, உள்ளே தூக்கி எடுக்கக்கூடிய கனத்த பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான். விலை குறைந்த வகையில் ‘லோ’, ‘ஹை’, ‘வார்ம்’ என்று திருப்பிவைக்க ஒரு குமிழ் இருக்கும். புரோகிராம் செய்யும் வகையில் குமிழுக்குப் பதிலாகப் பொத்தான்களும் எண்கள் தெரியும் சிறு திரையும் இருக்கும். எத்தனை மணி நேரம் வேக வேண்டும் என்று குறித்துவிட்டால், அந்த நேரம் முடிந்ததும் சாதனம் தானாகவே ‘வார்ம்’ நிலைக்கு, அதாவது மேலும் வேகவிடாமல் சூடாக மட்டும் வைத்திருக்கும் நிலைக்கு, மாறிவிடும். கூடுதல் விலை முழுவதும் இந்த ஒரு வேலைக்காகத்தான் கொடுக்கப்படுகிறது. ஆகவே புரோகிராம் வகையைத் தேர்வு செய்வது என்பது, பெரும்பாலும், அதற்குள் இருக்கும் கடிகாரத்தைத் தேர்வு செய்வதாகும்.

முதலில் வேகும் விதத்தைப் புரிந்துகொள்வது நல்லது. நம் வீடுகளில் உள்ள பிரஷர் குக்கர், நீராவியை அடைத்துவைத்து, உள்ளே இருக்கும் நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது. அதனால்தான் துவரம்பருப்பு சில விசில்களில் குழைந்துவிடுகிறது. ஸ்லோ குக்கரில் அழுத்தமே கிடையாது. அதன் சூடு 100 டிகிரியைத் தொடுவதற்குச் சற்று முன்பே, பொதுவாக 98 டிகிரி அளவில், நிலைத்துவிடும். ஆட்டுக்கால், நெஞ்செலும்பு, தலைக்கறி, மாட்டுக்கறியின் சப்பைத் துண்டு போன்றவற்றில் கொலாஜன் என்னும் கெட்டியான நார்ப்புரதம் மிகுதியாக இருக்கிறது. நீரோடு சேர்ந்த சூட்டில் பல மணி நேரம் கிடக்கும்போது அது கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. பாயாவைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதுதான். பிரஷர் குக்கரும் இதைச் செய்யும், விரைவாகவே செய்யும்; ஆனால் ஒரு விசில் கூடினால் கறி நார்நாராகப் பிரிந்துவிடும் தொல்லை ஸ்லோ குக்கரில் குறைவு, அடுப்படியில் நின்று விசில் எண்ண வேண்டியதும் இல்லை.

‘லோ’ என்றால் குறைந்த சூடு, ‘ஹை’ என்றால் அதிகச் சூடு என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான சாதனங்களில் இரண்டும் கடைசியில் எட்டும் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றுதான். அதை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம்தான் வேறு. ‘ஹை’யில் மூன்று, நான்கு மணி நேரத்தில் ஆகும் குழம்பு ‘லோ’வில் ஏழு, எட்டு மணி நேரம் எடுக்கும். இதைத் தெரிந்துகொண்டால், எட்டு மணி நேரம் என்று குறித்த புரோகிராம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் கறி ஏன் சக்கையாகிறது என்பதும் விளங்கும், நேரம் முடிந்ததும் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதும் விளங்கும்.

இந்தச் சாதனத்தின் முன்னோடிக்கு 1940இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் இர்விங் நாக்சன். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்ற யூத வழக்கத்தால், முந்தின நாள் மாலையே பேக்கரி அடுப்பின் மிச்சச் சூட்டில் பானையை வைத்து இரவெல்லாம் வேகவிடும் ‘சோலண்ட்’ என்ற உணவைப் பற்றித் தன் தாய் சொல்லக் கேட்டதிலிருந்து அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது. அவருடைய நிறுவனத்தை ரைவல் என்ற நிறுவனம் வாங்கி, 1971இல் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்களை முன்னிட்டே அது விளம்பரப்படுத்தப்பட்டது. காலையில் வைத்துவிட்டுப் போனால் மாலையில் உணவு தயார் என்ற கணக்கு, எட்டு மணி நேர வேலையை ஒட்டியது.

அந்தக் கணக்கு எண்ணூரிலும் மணலியிலும் அப்படியே செல்லாது. ஷிஃப்ட் எட்டு மணி நேரம்தான் என்றாலும், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் போகவரும் நேரத்தையும், வழியில் கடை கண்ணிக்கு இறங்கும் நேரத்தையும் சேர்த்தால், வீடு பத்து, பதினொரு மணி நேரம் பூட்டியிருக்கும். எட்டு மணி நேரத்தில் வெந்த குழம்பு, குமிழ் வகைக் குக்கரில் மீதி மூன்று மணி நேரமும் வெந்துகொண்டேதான் இருக்கும். புரோகிராம் வகை தீர்த்துவைப்பது இந்த மூன்று மணி நேரச் சிக்கலை மட்டுமே. பகலெல்லாம் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பத்தில், குமிழைத் திருப்ப ஒரு கை இருக்கும்போது, இதற்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. மாறாக, ரமலான் மாதத்தில் மண்ணடியிலோ ராயபுரத்திலோ மதியமே நோன்புக் கஞ்சிக்கு வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய், நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சூடாக எடுக்க வேண்டியவர்களுக்கு இது மிகப் பொருந்தும்.

கடையில் ‘புரோகிராம்’ என்ற ஒரே சொல்லால் பல வகைகளை விற்கிறார்கள். எளிய வகையில் ‘லோ’வுக்கு எட்டு அல்லது பத்து மணி நேரம், ‘ஹை’க்கு நான்கு அல்லது ஆறு என்று முன்பே வகுத்த சில பொத்தான்கள்தான் இருக்கும். அடுத்த வகையில் அரை மணி நேரப் படிகளாக இருபது மணி நேரம் வரை நாமே குறிக்கலாம். மீதி நேரம் திரையில் இறங்கிக்கொண்டே வரும். இறைச்சிக்குள் செருகும் வெப்பமானி உள்ள வகையும், கைபேசியிலிருந்து இயக்கும் வகையும் உண்டு. முழுக் கோழியையோ பெரிய இறைச்சித் துண்டையோ அப்படியே வேகவைப்பவர்களுக்கு வெப்பமானி உதவும். கறியைச் சிறு துண்டுகளாக வெட்டி வாங்கும் நமக்கு அதைச் செருக இடமே இருக்காது. இரண்டாம் வகையே நம் தேவைக்குப் போதும். ‘சூப்’, ‘கறி’, ‘பீன்ஸ்’ என்று பெயர் எழுதிய பொத்தான்களைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றுக்குப் பின்னால் இருப்பதும் குறித்துவைத்த மணி நேரமே. பானைக்குள் இருப்பது ஆட்டுக்காலா அரிசிக் கஞ்சியா என்பது அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம்: கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அந்தக் கடிகாரம் என்ன செய்யும்?

குமிழ் வகைக் குக்கரில் இதற்கு விடை எளிது. குமிழ் ‘லோ’வில் இருந்தால், மின்சாரம் வந்தவுடன் மறுபடி ‘லோ’வில் ஓடத் தொடங்கும். புரோகிராம் வகையின் கட்டுப்பாடு முழுவதும் ஒரு மின்னணுப் பலகையில் இருக்கிறது. மின்சாரம் அறுந்தால், நாம் குறித்த நேரத்தை அது மறந்துவிடலாம். பல சாதனங்கள் மின்சாரம் திரும்பியதும் அணைந்த நிலையிலேயே நின்று, திரையை மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். சிலவற்றில் சில விநாடிகளோ சில நிமிடங்களோ நினைவைத் தாங்கும் ஏற்பாடு உண்டு. அந்த இடைவெளிக்குள் மின்சாரம் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துக் காலை ஒன்பது மணி வாக்கில் நிறுத்தும் பராமரிப்பு மின்தடையைத் தவிர, மழை தூறினாலோ கோடையில் டிரான்ஸ்ஃபார்மரில் பாரம் கூடினாலோ, தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் மின்சாரம் ஒரு கணம் போய்வருவது யாருக்கும் புதிதன்று. அந்த ஒரு கணம் போதும், காலை ஏழு மணிக்கு வைத்த கறி பாதி வெந்தும் வேகாமலும் மாலை வரை வெதுவெதுப்பில் கிடப்பதற்கு.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். வெறும் பானையுடன் ‘லோ’, எட்டு மணி நேரம் என்று குறித்து, சாதனம் ஓடத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்கி, ஐந்து விநாடி கழித்துச் செருகச் சொல்ல வேண்டும்; பிறகு அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம். ஒவ்வொரு முறையும் திரையில் என்ன தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். ‘எல்லாம் ஆட்டோமேட்டிக்’ என்று கடைக்காரர் சொல்லும் பதிலைவிட இந்தச் சோதனை மேலானது. கையேட்டிலும் மின்தடை பற்றி ஒரு பத்தி இருக்கும்; வாங்குவதற்கு முன்பே அதைப் படிக்கக் கேட்பதில் தவறில்லை. ஐந்து விநாடி இடைவெளியைக்கூடத் தாங்காத சாதனம் எத்தனை பொத்தான்களோடு வந்தாலும், ஆளில்லாத வீட்டில் விட்டுப்போவதற்கு ஏற்றதன்று.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 250 வாட் குக்கர் என்பது மூன்றுக்கும் மேற்பட்ட சீலிங் ஃபேன்களின் பாரம். பேட்டரி சில மணி நேரமாவது தாங்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் ஃபேனுக்கும் விளக்குக்கும் மட்டுமே இழுக்கப்பட்டிருக்கும். சமையலறை ஸ்விட்ச் போர்டில் அது இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு பாயிண்ட் இழுத்துக்கொள்வது, புரோகிராம் வகையை வாங்குபவர்கள் கூடவே கணக்கில் சேர்க்க வேண்டிய செலவு.

மின்சாரம் போனபின் உணவை என்ன செய்வது என்பதிலும் தெளிவு வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வீட்டில் ஆள் இருந்தால், உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றி வேகவைத்து முடித்துவிடலாம். முழுதும் வெந்தபின் மின்சாரம் போயிருந்தால் இரண்டு மணி நேரம் வரை கவலையில்லை. வெளியே போயிருந்த நேரத்தில் போனது, எப்போது போனது என்றும் தெரியவில்லை என்றால், வாசனையும் நிறமும் நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுவதே அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அறிவுரை. ஒரு கிலோ ஆட்டுக்கறியைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. மறுபடி கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் அதற்குள் உண்டாக்கிவிட்ட நச்சு சூட்டில் அழிவதில்லை.

மின்வெட்டைப்போலக் கண்ணில் படாத இன்னொரு சிக்கல் குறைமின்னழுத்தம். ஹீட்டரின் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் 250 வாட் தரும் ஹீட்டர், 190 வோல்ட்டில் ஏறத்தாழ 170 வாட்தான் தரும். அதாவது மூன்றில் ஒரு பங்கு சூடு காணாமல் போகிறது. கடிகாரமோ வழக்கம்போல எட்டு மணி நேரத்தை எண்ணி முடித்து, வேகாத கறியை ‘வார்ம்’ நிலையில் வைத்துவிடும். ஏசிகள் ஓடத் தொடங்கி டியூப்லைட் மங்கும் தெருவில் இருப்பவர்கள், கோடை இரவில் ‘லோ’வில் வைப்பதைத் தவிர்த்து, முதல் ஒரு மணி நேரமாவது ‘ஹை’யில் ஓடவிட்டுப் பிறகு ‘லோ’வுக்கு மாற்றுவது நல்லது. இப்படி இரண்டு கட்டமாகக் குறிக்க முடிகிற சாதனம் கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படும் ‘தாமதத் தொடக்கம்’, அதாவது இப்போது பொருள்களைப் போட்டுவைத்துச் சில மணி நேரம் கழித்துத் தானாகத் தொடங்கச் செய்யும் வசதி, நம் ஊருக்கு அவ்வளவாக உதவாது. பச்சை இறைச்சியைச் சாதாரண அறையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வியாசர்பாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் சமையலறையில் மே மாதம் எத்தனை டிகிரி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊறிய பயறுகூட நான்கு மணி நேரத்தில் நுரைத்துவிடும். உலர்ந்த அரிசியும் தண்ணீரும் போட்டு விடியற்காலைக் கஞ்சிக்கு வைப்பதற்கு மட்டும் இந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

குமிழ் வகையை வாங்கி, அதைக் குறித்த நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தும் டைமர் சாக்கெட்டில் செருகினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது நிறுத்தும்; சூடாக வைத்திருக்காது. நின்ற கணத்திலிருந்து பானை ஆறத் தொடங்கி, மேலே சொன்ன 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ‘வார்ம்’ நிலைக்கு மாறுவதுதான் புரோகிராம் வகையின் உண்மையான பயன். அதுவும் 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும், இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் சாதனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட்டுக்கானது. அதை அப்படியே நம் 230 வோல்ட்டில் செருகினால் ஹீட்டர் மூன்றரை மடங்குக்கும் அதிகமான சக்தியை இழுத்துக் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் மின்னழுத்தம் சரியாகும், அதிர்வெண் மாறாது. அங்கே விநாடிக்கு 60 அலைகள், இங்கே 50. மின்னலைகளை எண்ணி நேரம் கணக்கிடும் கடிகாரமாக இருந்தால், எட்டு மணி நேரம் என்று குறித்தது ஒன்பது மணி 36 நிமிடம் ஓடும். பர்மா பஜாரில் வெளிநாட்டுப் பொருள் என்று வாங்குபவர்களும் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, மூன்று நான்கு பேருக்கு 3.5 லிட்டர், ஆறேழு பேருக்கு 6 லிட்டர். பெரிதாக வாங்கிக் கால் பானை மட்டும் வைப்பது தவறு. ஹீட்டர் சுவரைச் சுற்றி இருப்பதால், பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நிரம்பியிருந்தால்தான் சூடு சீராகப் பரவும். மின்செலவு பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. 250 வாட் சாதனம் எட்டு மணி நேரம் முழுச் சக்தியில் ஓடினாலும் இரண்டு யூனிட்தான். ‘லோ’வில் அதைவிடக் குறையும். சாதாரண ஆறு ஆம்பியர் பிளக்கே போதும், எர்த் இருக்க வேண்டும்.

என்ன சமைக்கலாம் என்பதில் ஒரு ஒளிவுமறைவற்ற பேச்சு தேவை. காசிமேட்டில் விடியற்காலை வாங்கிவந்த சங்கராவையும் நெத்திலியையும் இதில் போடுவது அவற்றுக்குச் செய்யும் அநீதி. கொதிக்கும் குழம்பில் பத்து நிமிடத்தில் வேகும் மீன், ஆறு மணி நேரத்தில் கரைந்தே போய்விடும். தேங்காய்ப்பாலும் தயிரும் நெடுநேரச் சூட்டில் திரிந்துவிடும் என்பதால் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். வெங்காயத்தையும் கறியையும் முதலில் வாணலியில் வதக்கிப் போட வேண்டும், ஏனென்றால் 98 டிகிரி ஈரச் சூட்டில் எதுவும் சிவக்காது. நீர் ஆவியாவது மிகக் குறைவாதலால் வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் பாதி போதும். பருப்பு வகைகளுக்குப் புளியும் தக்காளியும் பிறகுதான். புளிப்பு இருக்கும்வரை தோல் இளகாது. போர் தண்ணீர் கடினநீராக இருக்கும் திருவொற்றியூர் போன்ற இடங்களில், அதிலுள்ள கால்சியமும் பயறை வேகவிடாமல் தடுக்கும். கொண்டைக்கடலைக்கு மட்டுமாவது கேன் தண்ணீரையோ மெட்ரோ தண்ணீரையோ ஊற்றுவது நல்லது.

சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கட்டாயமான ஒரு விதி உண்டு. அதில் இயற்கையாக உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம், முழுக் கொதிநிலையில்தான் அழியும். 80 டிகிரி போன்ற அரைச்சூட்டில் கிடந்தால் அதன் நச்சுத்தன்மை குறைவதற்குப் பதிலாகக் கூடும், கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் கேஸ் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே ஸ்லோ குக்கரில் போட வேண்டும்.

எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்களிலும் ‘ஸ்லோ குக்’ என்ற பொத்தான் இருப்பதால், ஒன்றை வாங்கினால் இரண்டு வேலையும் ஆகுமே என்ற கணக்கு நியாயமானதுதான். அவற்றில் ஹீட்டர் அடியில் மட்டும் இருக்கிறது, பானை மெல்லிய எவர்சில்வராக இருக்கிறது. ஆகவே ‘லோ’வில் வேகும் தரம் பீங்கான் பானைக்கு ஈடாக இருப்பதில்லை. எப்போதாவது பாயா வைப்பவர்களுக்கு அதுவே போதும்.

பீங்கான் பானையைக் கழற்றிக் கழுவ முடிகிறதா, தனியாக மாற்றுப் பானை கிடைக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். சூடான பானையைக் குளிர்ந்த கிரானைட் மேடையில் வைத்தாலோ பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ விரிசல் விடும். உள்ளூரில் சர்வீஸ் இல்லாத நிறுவனத்தின் சாதனம் என்றால் அன்றோடு அதன் கதை முடிந்தது. கடற்கரையை ஒட்டிய ராயபுரம், காசிமேடு வீடுகளில் ஜன்னல் கம்பியே துருவேறும் உப்புக்காற்று, மின்னணுப் பலகையையும் விட்டுவைக்காது. ஆகவே பயன்படுத்தாத நாள்களில் மூடிவைப்பது நல்லது.

வாங்கிவந்த அன்றே உணவு எதுவும் போடாமல் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். பானையில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, மூடி, ‘லோ’வில் எட்டு மணி நேரம் வைத்து, நேரம் முடியும் தறுவாயில் மூடியைத் திறந்த உடனே சமையல் வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்க்க வேண்டும், மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு கணமும் சூடு இறங்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது. 85 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் சாதனம் சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே நின்றால், அன்று மின்னழுத்தம் எப்படி இருந்தது என்று பார்த்து மறுநாள் ஒருமுறை சோதிக்கலாம்; அப்போதும் எட்டவில்லை என்றால், பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு, மாற்றித்தரும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விட வேண்டும்.